தோட்டம் என்ற கட்டத்தில் போட்ட சரி

எனக்கு வாய் முந்திவிடும், புத்தி பின்னாலே ஓடிவந்து சேரும். இதை எங்கள் வீட்டில் எல்லாரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒத்துக்கொள்கிறேன், இனிச் சொல்லி என்ன பயன் என்று தெரிந்தும்.

அன்று காலை பதினொரு மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பலசரக்குக் கடைக்குள் நின்றேன். கையில் எங்கள் மிளகாய்த்தூள் பைக்கற்றுகள் அடுக்கிய பெட்டி. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஸ்டோர் எடுத்து, வன்னியிலிருந்து செத்தல் மிளகாய் இறக்கி, காம்பு கிள்ளி, வறுத்து, அரைத்து, பைக்கற்றில் அடைத்துக் கொடுப்பது என் தொழில். பதினோரு வருடமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என்னிடம் வேலை செய்யும் ஏழு பெண்களுக்கும் அதுதான். எங்கள் தூளில் பாதி இந்த மாதிரிச் சின்னக் கடைகளுக்குப் போகும். மற்றப் பாதி ஒரு சூப்பர்மார்க்கெட் கொம்பனிக்கு. கொம்பனிக்காரர் ஒவ்வொரு அரைவையிலும் ஒரு பைக்கற்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் மீதியைத் தங்கள் கடைகளுக்கு விடுவார்கள். சின்னக் கடைக்காரருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. என் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள்.

போன் அடித்தது. கொம்பனியில் தரம் பார்க்கும் தம்பி. நல்ல பிள்ளை, என்னை வாய் நிறைய அன்ட்டி என்று கூப்பிடுகிறவன்.

"அன்ட்டி, எங்க ஈக்கிறீங்க?"

"வெள்ளவத்தையில. என்ன தம்பி?"

"ரிப்போட் வந்திருச்சு. நல்லமில்ல. வட்ஸ்அப்ல போட்டிருக்கேன், பாருங்க. ரெண்டு மணிக்கு ஒபிசுக்கு வந்திருங்க."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பக்க ரிப்போட். எல்லா வரியும் கறுப்பு, ஒரு வரி மட்டும் சிவப்பு. பூஞ்சை விடுகிற நஞ்சு, அனுமதித்த எல்லைக்கு மேலே. அரைவையின் இலக்கத்தைப் பார்த்தேன். நான் தூக்கிக்கொண்டு வந்திருந்த பெட்டியின் பக்கத்திலும் அதே இலக்கம் ஒட்டியிருந்தது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரிப் போட்டுது?" என்றார் கடைக்காரர்.

"ஒண்டுமில்லை. லேபலில திகதி பிழையாய் அடிச்சுப்போட்டாங்கள், விசரங்கள். பெட்டியைத் திருப்பிக் கொண்டு போறன். தட்டில கிடக்கிறதையும் தாங்கோ."

அன்று நான் சொன்ன முதல் பொய் அது. தட்டில் அப்போதுதான் அடுக்கியிருந்த பைக்கற்றுகளை வாரி எடுத்தேன். பணம் கட்டும் இடத்தில் நின்ற ஒரு அம்மாவின் கூடைக்குள்ளும் ஒன்று கிடந்தது. அதையும் எடுக்கப் போனேன். அவர் விடவில்லை.

"திகதி பிழையெண்டா என்ன பிள்ளை? தூள் நல்லதுதானே? நான் வருசக்கணக்கா இதைத்தானே வாங்கிறன்."

"இல்லையம்மா, வேண்டாம். நாளைக்குப் புதுசு தாறன்."

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து, அன்று காலை அதே அரைவையை இறக்கிய மற்ற நாலு கடைகளுக்கும் போன் எடுத்து, ஸ்டோரில் இருந்து ஆள் அனுப்பி எல்லாவற்றையும் அள்ளுவித்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பொய்தான் சொன்னேன், ஆனாலும் தூள் ஒருவர் வயிற்றுக்குள்ளும் போகாமல் பார்த்தேன்.

கொம்பனியின் களஞ்சியம் ஒருகொடவத்தையில், கொண்டெய்னர் முற்றங்களுக்குப் பின்னால். இரண்டு மணிக்கு முன்னமே போய்விட்டேன். அந்தத் தம்பி ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னை இருத்தி, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான். தேத்தண்ணி வந்தது, நான் தொடவில்லை.

"தம்பி, நாங்கள் வறுக்கிறம். அந்தச் சூட்டில என்ன பூஞ்சை தப்பும்?"

"பூஞ்சை செத்திரும் அன்ட்டி. அது விட்டுட்டுப் போற நஞ்சு சாகாது. வறுத்தாலும் ஈக்கும், அவிச்சாலும் ஈக்கும். நான் செல்றத கேளுங்க, இது சின்ன விசயமில்ல. ஒருநாளில ஆளைக் கொல்லாது. கொஞ்சம் கொஞ்சமா ஈரலுக்குப் போகும்."

பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்தான். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம். பிழை எங்கே நடந்தது என்று கேட்டு மூன்று கட்டங்கள் போட்டிருந்தன: தோட்டம், போக்குவரத்து, பதப்படுத்தல். ஒன்றில் சரி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும்.

"எதில போட்டா என்ன நடக்கும்?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

அவன் மறைக்கவில்லை. பதப்படுத்தல் என்றால் என் ஸ்டோரை மூடிவைத்து, ஆள் வந்து பார்த்து, திருப்திப்படும்வரை ஒரு பைக்கற்றும் எடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் போகும். தோட்டம் என்றால் இந்த அரைவையை மட்டும் அழித்தால் போதும். அந்தத் தோட்டத்தின் இலக்கத்தைக் கொம்பனியின் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வெட்டினதுதான், திரும்பச் சேர்க்க மாட்டார்கள்.

அந்த இலக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிற ஒவ்வொரு சாக்கின் வாயிலும் ஒரு சின்ன அட்டை தொங்கும். அதில் தோட்டத்தின் இலக்கம் இருக்கும். நாங்கள் அரைக்கும்போது அந்த இலக்கத்தை அரைவை இலக்கத்தோடு சேர்த்து எழுதுவோம், பைக்கற்றின் முதுகிலும் அடிப்போம். வெள்ளவத்தையில் ஒருவர் வாங்கின தூள் கிளிநொச்சியில் எந்த நிலத்தில் காய்த்தது என்று கண்டுபிடிக்கலாம் என்று கொம்பனிக்காரர் பெருமையாக விளம்பரம் செய்வார்கள். நல்ல ஏற்பாடுதான். நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னும் நல்ல ஏற்பாடு, ஒன்று பிழைத்தால் விரல் நீட்ட ஒரு இலக்கம் தயாராக இருக்கும்.

அந்த இலக்கத்துக்குச் சொந்தக்காரி கிளிநொச்சிப் பக்கம் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். புருசன் இல்லை. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மகள். குத்தகைக் காணியில் மிளகாய் போட்டு மூன்று வருடமாக எனக்குத் தந்துகொண்டிருந்தாள். முந்தி உள்ளூர் யாவாரிகள் சொன்ன விலைக்குக் காயக் காத்திராமல் கொட்டிவிட்டு வந்தவள். கொம்பனிப் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள். இந்தமுறை விளைச்சலில் பாதி எனக்கு வந்திருந்தது. மீதிப் பதினெட்டுச் சாக்கு அவள் வீட்டில் அடுத்த லொறிக்காகக் காத்துக் கிடந்தது. அதை வைத்துத்தான் அடுத்த போகத்துக்குக் காணியை எடுக்க வேண்டும், மகளை மேலே படிக்க விட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும், அவளே போனில் சொல்லுவாள்.

"நாலு மணிக்குள்ள தாங்க அன்ட்டி," என்று அந்தத் தம்பி படிவத்தை என் பக்கம் தள்ளினான். "யோசிச்சுப் போடுங்க."

நான் யோசிக்கவில்லை. வெளியே படிக்கட்டில் நின்று அவளுக்குப் போன் எடுத்தேன். கொண்டெய்னர் லொறிகள் உறுமிக்கொண்டு போயின. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா! இப்பதான் உங்களை நினைச்சனான்," என்றாள்.

"நினைச்சது போதும். என்ன சாமான் ஏத்தி விட்டனீ எனக்கு?"

நான் அவளை எப்போதும் நீர் என்றுதான் கதைப்பேன். அன்று நீ என்று வந்தது.

"என்னக்கா? விளங்கேல்லை."

"உன்ர மிளகாயில நஞ்சாம். பூஞ்சை பிடிச்ச காய். ஈரத்தோட கட்டி அனுப்பியிருக்கிறாய். சின்னப் பிள்ளையளும் சாப்பிடுற சாமான் எண்டு ஒரு பயமில்லையே உனக்கு?"

"ஐயோ அக்கா, சத்தியமா இல்லை. மண்ணில படாமல் படங்கு விரிச்சுத்தான் காய வைச்சனான். பொழுதுபட முந்தி அள்ளி வீட்டுக்குள்ள கொண்டு போயிடுவன். பனி படவே விடேல்லை. நீங்கள் வந்து பாத்தனீங்கள்தானே?"

"பாத்தன், பாத்தன். ஆக்கள் வரேக்க எல்லாரும் படங்கு விரிப்பினம். லேப் பொய் சொல்லுமே? என்ர பேரை நாறடிச்சுப் போட்டாய்."

அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்ப வீட்டில கிடக்கிற பதினெட்டும்?"

"அதுவும் நஞ்சுதான். ஒரே தோட்டம், ஒரே வெயில். ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை. பிறகு ஆரும் செத்தா அந்தப் பழி உனக்குத்தான்."

போனை வெட்டினேன். உள்ளே போய்த் தோட்டம் என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. அந்தத் தம்பி தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பைல் கோவைக்குள் செருகி வைத்தான். எனக்கு அப்போது நெஞ்சு இலேசாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது நாலரை. ஸ்டோருக்குள் நுழைந்தேன். ஏழு பெண்களும் வட்டமாகக் குந்தியிருந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் முகத்துவாரத்துப் பக்கத்தவர்கள். நடுவில் மிளகாய்க் குவியல். அவர்களுக்குள் மூத்தவள், நான் இல்லாதபோது ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவள், பக்கத்தில் இருந்த வாளிக்குள் கையை விட்டுத் தண்ணீரை அள்ளிக் குவியலில் தெளித்தாள். ஒரு கை. இன்னொரு கை. பிறகு குவியலைப் புரட்டிவிட்டாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன செய்றாய்?"

"ஏன் மிஸ்? தண்ணி தெளிக்கிறேன்."

"ஆர் தெளிக்கச் சொன்னது?"

அவள் சிரித்தாள். "நல்ல கதை! நீங்கதானே மிஸ் சொன்னீங்க. மேல டியூசன் கிளாஸ்ல புள்ளைங்க இருமுறாங்கன்னு சேர் வந்து சத்தம் போட்டாரே, அன்னிக்கு. வீட்டுல இடிக்கிறப்ப தெளிக்கிற மாதிரி ரெண்டு கை தெளிச்சிட்டுக் கிள்ளுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னியிலிருந்து தெளிக்கிறோம்."

ஓம். நான்தான் சொன்னேன். காய்ந்த மிளகாயைக் கிள்ளும்போது நெடி எழும்பும், தும்மலும் இருமலும் வரும். ஸ்டோருக்கு மேல்மாடியில் ரியூசன் நடக்கிறது. அங்கே படிப்பிக்கிற சேர் வந்து கத்தின அன்று எங்கள் வீட்டுப் பழக்கம் ஞாபகம் வந்தது. மிளகாய் இடிக்க முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூள் மூக்கில் ஏறாது, காயும் நொறுங்காது. வீட்டில் அப்படித் தெளித்து அப்போதே இடித்து, அன்றைக்கே வறுத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, சாக்குக் கணக்கில் மிளகாய் கிடக்கிற ஸ்டோரில் போட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின மாதம் வறுக்கும் மெசினின் மோட்டர் எரிந்தது. ஒன்பது நாள் மெசின் ஓடவில்லை. பெண்களைச் சும்மா இருத்தி வைக்க மனமில்லாமல் கிள்ளச் சொன்னேன். கிள்ளினார்கள், தெளித்துத் தெளித்துக் கிள்ளினார்கள். கிள்ளினதைத் திரும்பச் சாக்கில் கட்டிச் சுவரோரம் அடுக்கினோம். வெளியே அடைமழை. அந்தச் சாக்குகள் ஒன்பது நாள் அங்கே புழுங்கிக்கொண்டு கிடந்தன. மெசின் சரிவந்ததும் அவற்றைத்தான் முதலில் கொட்டினோம். எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

மூலையில் அந்தத் தோட்டத்துச் சாக்கு ஒன்று இன்னும் பிரிக்காமல் இருந்தது. அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கத்தியால் வாயைக் கீறி, ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே குலுக்கினேன். நன்றாகக் காய்ந்த காய் என்றால் உள்ளே விதை கிலுகிலுவென்று கேட்கும். கேட்டது. இன்னொன்று, அதுவும் கேட்டது. கையை ஆழமாக விட்டு அடியில் இருந்ததை எடுத்தேன். அதுவும் கேட்டது. நடுவில் ஒடித்தேன், படக்கென்று முறிந்தது. பிறகு நனைந்த குவியலில் ஒன்றை எடுத்தேன். அது வளைந்தது, முறியவில்லை.

"மிஸ், என்ன மிஸ்? ஏன் அழுறீங்க?" என்று அந்த மூத்தவள் எழும்பி வந்தாள்.

"நெடியடி," என்றேன். அன்றைய இரண்டாவது பொய் என்று நினைக்கிறேன். தெளிக்கும் வாளியைத் தூக்கி வெளியே தெருவோரக் கானுக்குள் ஊற்றினேன்.

அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டிருந்தான். படிவம் எங்கே என்று கேட்டேன்.

"கோவையில ஈக்கி அன்ட்டி. நாளைக்குப் பத்து மணிக்கு மெனேஜர் வந்து சைன் போட்டதும் தோட்டத்த வெட்டிருவாங்க. ஏன்?"

"அதுக்கு முந்தி நான் வாறன். அதை ஒருத்தருக்கும் குடுக்காதையும். கடவுளாணை, குடுத்துப்போடாதையும்."

"பத்து மணிக்கு முன்னுக்கு வாங்க. பொறகு என்ட கையில இல்ல."

இனி, நான் செய்யாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அந்த நிமிசமே அவளுக்குப் போன் எடுத்திருக்கலாம். பிழை என்னுடையது, நீர் ஒன்றுக்கும் பயப்படாதையும் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மத்தியானம் நான் கதைத்த கதை காதில் நின்றது. முதலில் தாளை மாற்றுவோம், நல்ல செய்தியோடு எடுப்போம், வெறுங்கையோடு எப்படிக் கதைப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் சொல்ல எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஏழு மணிபோல, வெள்ளவத்தையில் வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. அவளுடைய நம்பர். மேசையில் அது அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றது. திரும்பவும் அடித்தது. அழப்போகிறாள், சத்தியம் பண்ணப்போகிறாள், என்னால் கேட்க முடியாது, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும்தானே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் தரம் அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அடுத்தநாள் காலை எட்டு மணிக்கே ஸ்டோருக்குப் போய், பிரிக்காத அந்தச் சாக்கையும், நனைந்த காயில் ஒரு பையும் ஓட்டோவில் ஏற்றினேன். மழை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருகொடவத்தைக்கு எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம் என்று சொல்லுவார்கள். அன்றைக்கு ஒரு கொண்டெய்னர் லொறி வளைவில் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஒன்பதே கால். ஒன்பதரை. ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் கெஞ்சினேன், பிறகு தமிழில் ஏசினேன். பாவம், அவர் என்ன செய்வார்? ஒன்பதே முக்காலுக்கு இறங்கி, சாக்கை அவரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு லொறிகளுக்கு நடுவே நடந்தோம். என் வயதுக்கு அது தேவையில்லாத வேலை. முழங்காலுக்கு மேலே சேறு.

கண்ணாடி அறைக்குள் மெனேஜர் ஏற்கனவே வந்திருந்தார். கோவை அவருக்கு முன்னால் விரிந்திருந்தது, பேனை கையில். நான் கதவைத் தட்டவில்லை.

"அந்தத் தாள் பிழை," என்றேன். "நான்தான் பிழை. தோட்டத்துக்காரி இல்லை."

மெனேஜர் சிங்களவர். தம்பி எழும்பி அவருக்கு மொழிபெயர்த்தான். நான் சாக்கைத் தரையில் போட்டு வாயைப் பிரித்தேன். தண்ணீர் தெளித்தது, மோட்டர் எரிந்தது, ஒன்பது நாள் கட்டி வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஈரம் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். சாக்கில் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து மூன்று தரம் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். மூன்று தரமும் பச்சை விளக்கு. என் பையில் இருந்த காயை வைத்தார்கள். சிவப்பு.

மெனேஜர் கருவியை மேசையில் வைத்தார். "நேற்றே இது தெரியாதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நேற்றுச் சாய்ந்தரம்தான் தெரியும்," என்றேன். "கையெழுத்து வைத்த பிறகு."

பழைய தாளை அவர் இரண்டாகக் கிழித்தார். தம்பி புதுத்தாள் கொண்டுவந்தான். பதப்படுத்தல் என்ற கட்டத்தில் சரி போட்டேன். ஸ்டோர் மூடப்படும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்த ஏழு பெண்களுக்கும் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்தேன். ஆனாலும், சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்குச் சந்தோசமாக இருந்தது. தோட்டத்தின் இலக்கம் பட்டியலில் அப்படியே இருக்கும். பதினெட்டுச் சாக்கையும் எடுக்க கொம்பனியே நேரே லொறி அனுப்பும் என்று தம்பி சொன்னான்.

"செல்லிருங்க அன்ட்டி, அவங்களுக்கு. பயந்து போய் ஈப்பாங்க."

படிக்கட்டுக்கு வந்தேன். முந்தின நாள் நின்ற அதே படி. மணி பத்தே முக்கால். முதல் மணி அடிக்கும்போதே அவள் எடுத்துவிட்டாள்.

"அக்கா," என்றாள்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளும். ஒண்டுக்கும் யோசியாதையும். எல்லாம் சரி பண்ணிப்போட்டன். லொறி வருகுது, பதினெட்டுச் சாக்கும் எடுப்பினம்."

"பதினெட்டும் இல்லையக்கா."

"என்ன இல்லை?"

"காலமை தாட்டுப்போட்டன். வளவுக்குப் பின்னால கிடங்கு வெட்டி, சாக்கைப் பிரிச்சுக் கொட்டி, மேல சாணித் தண்ணி ஊத்தி மூடினது. இல்லாட்டி ஆரும் தோண்டி எடுத்து வித்துப்போடுவினம்."

நான் படியில் இருந்துவிட்டேன். மழை தலையில் விழுந்தது. எழும்பவில்லை.

"ஏன் அப்பிடிச் செய்தனீர்? ஆர் செய்யச் சொன்னது?"

"நஞ்செண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். சந்தையில ஒரு யாவாரி கேட்டவர்தான். சொல்லாமல் குடுத்திருக்கலாம். சின்னப் பிள்ளையள் சாப்பிடுறது எண்டு சொன்னீங்களே, எனக்கு மனம் வரேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "நேற்று ஏழு மணிக்கு எடுத்தனான் அக்கா. வேற இடத்தில ஒருக்கா சோதிச்சுப் பாக்கலாமோ எண்டு கேக்கத்தான். நீங்கள் எடுக்கேல்லை. கோவம் எண்டு விட்டிட்டன். விடியும் மட்டும் வைச்சிருந்திட்டுத்தான் தாட்டது."

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரியூசன் கிளாஸ், வாளி, மோட்டர், சுவரோரம் புழுங்கின சாக்கு, கிலுகிலுத்த விதை, பச்சை விளக்கு. நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். மன்னியும் என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. வெட்டுப்பட்டுவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெட்டுப்படவில்லை.

"அப்ப எங்கட காய் நல்லதோ அக்கா?" என்று கேட்டாள்.

"நல்லது. திறமான காய்."

"பிள்ளை!" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள். "பிள்ளை, எங்கட காய் நல்லதாமடி! ஈரமே இல்லையாம். கொழும்பில சோதிச்சுப் பாத்தவையாம்."

தூரத்தில் இருந்து மகளின் குரல் வந்தது.

"அப்ப ஏனம்மா தாட்டனாங்கள்?"

அதற்கு அவள் என்ன மறுமொழி சொன்னாளோ எனக்குத் தெரியாது. நான் போனை வைத்துவிட்டேன்.